துணிக்குள் வந்த செண்பகம்

ஏப்ரல் 2007. காலை 7.10. மேட்டுப்பாளையத்து நாற்றுப் பண்ணை வாசலில் முதலில் கண்ணில் பட்டது, ஈரப் பனியன் துணி போர்த்திய ஆளுயரக் கன்று. வெட்டாத குழாய்த் துணி. சட்டை மாட்டுவதுபோல் தலைவழியே மாட்டியிருந்தார் மகேஸ்வரி. திருப்பூர் வேலம்பாளையத்தில் கணவரோடு சிறிய பனியன் யூனிட் நடத்துகிறவர். திருப்பூர் வரை எனக்கும் தன் டெம்போவில் இடம் கொடுத்தார்.

யூனிட் வாசலில் ஒரு மரத்துக்குத்தான் இடம். கணவர் ராமசாமி இரண்டு முறை, ஊட்டி மரம் என்று அவர்கள் சொல்லும் சைப்ரஸை நட்டு, இரண்டும் கோடையில் கருகின. மூன்றாவதை வாங்கத்தான் மனைவியை அனுப்பியிருந்தார். மகேஸ்வரி அறுபது ரூபாய்க்கு வாங்கியது செண்பகம்.

"இந்தத் தடவை காய விடமாட்டனுங்க" என்றார்.

"அண்ணன் கேட்டா நான் துணிதான் ஏத்துனனுங்க்கா" என்றார் ஓட்டுநர் செல்வன்.

அன்னூர் தாண்டியதும் சாலையோரம் சவுக்குத் தோப்பு. "இதும் ஊட்டி மரத்துச் சாதிதானுங்களே?" என்று செல்வன் கேட்டார். இல்லை என்றேன். சவுக்கில் ஊசிபோல் தெரிபவை கணுவுள்ள மெல்லிய குச்சிகள். அது பூக்கிற மரம். சைப்ரஸ் பூக்காது, கனியாது; சிறிய கூம்புச் செதில்களுக்கிடையே விதை வைக்கும். செண்பகமும் ஆண்டு முழுதும் பச்சைதான், ஆனால் அகன்ற இலை. பழைய இலை விழ விழப் புதியது வரும்; தளிரை மூடியிருந்த உறை விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு இருக்கும். மாமரத்தில் அந்த வளையம் கிடையாது.

8.50, அவிநாசி. காற்றில் துணி உலர்ந்துவிட்டது. உள்ளே இலைகள் துவண்டிருந்தன. மகேஸ்வரி டீக்கடைக் குழாயில் வாளி பிடித்துத் தானே வண்டிமேல் ஏறி ஊற்றினார்.

"குளிக்க வெச்சீங்க, சட்டைய மாத்தலீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஊட்டுக்குப் போய்த்தானுங்க" என்றவர், செல்வனிடம் திரும்பி, "முப்பதுக்கு மேல போவாத கண்ணு" என்றார்.

மீதி பதின்மூன்று கிலோமீட்டருக்கு அரைமணிக்கு மேல் ஆனது. ராமசாமி குழி வெட்டிக் காத்திருந்தார். துணியை உருவியவர் நிமிர்ந்தார்.

"மகேசு, ஊட்டி மரம் எங்க?"

"ஊட்டியிலதானுங்க. அங்கயே நல்லா இருக்கட்டும்."

"இது எலை கொட்டுமே! பனியன் வாங்குற பையர் வந்து போற வாசலு."

"ரெண்டு வருசமும் சருகு மரத்தத்தான பையர் பாத்தாருங்க?"

செல்வன் சிரிப்பை அடக்கத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"சரி, தெனமும் கூட்டறது ஆரு?"

"நட்டவங்கதான் கூட்டோணும்" என்று மகேஸ்வரி மண்வெட்டியை எடுத்தார். ராமசாமி குனிந்து கன்றைப் பார்த்தார். நுனித் தளிர் மட்டும் நிமிர்ந்திருந்தது. "கொடு இங்க" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு காலையில் அதே தெருவில் டவுன் பஸ்ஸில் போனேன். யூனிட் வாசலில் அகன்ற இலைகள் உதிர்ந்து கிடந்தன. ராமசாமி கூட்டிக்கொண்டிருந்தார்.