சற்று விலகி நில்லுங்கள்

தாராவியில் எங்கள் வீட்டு வரிசையில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். அதுவும் இலக்கியம். கல்லூரியில் வெள்ளிக்கிழமைதோறும் கதை எழுதும் வகுப்பு உண்டு. ஒருநாள் என் கதையைக் கேட்டு வகுப்பே கைதட்டியது. எழுதியே பிழைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தோல் கிடங்கில் வேலை பார்த்த அப்பாவுக்கு அது பிடிபடவில்லை.

"கத எழுதுனா மாசம் பொறந்தா சம்பளம் வருமால?"

"பத்திரிகையில வேல கெடச்சா வரும்ப்பா."

"அப்ப கெடைக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம செம்பூர் பேக்டரிக்குப் போயிரணும். கிளார்க் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு தமிழ் மாத இதழ் நடந்துவந்தது. அங்கே உதவியாசிரியர் வேலை காலியாக இருந்தது. கதையோடு போய் நின்றேன். குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை போடும் ஒருத்தியைப் பற்றிய கதை, என் அம்மாவேதான். ஆசிரியர் உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். முழுவதும் படித்தார்.

"கதை நன்னா இருக்குப்பா. ஆனா இந்தப் பொம்மனாட்டி பேசறதுதான் சகிக்கலை. ஏட்டிங்கறா, சவத்து மூதிங்கறா. குடும்பமா ஒக்காந்து படிக்கற பத்திரிகை இது. அவ பேச்சை மட்டும் திருத்திண்டு சனிக்கிழமை வா. நாற்காலி ஒனக்குத்தான்."

திருத்தினேன். 'அம்மா, சற்று விலகி நில்லுங்கள். என் முறை வந்துவிட்டது' என்று அவளைப் பேசவைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எதை எழுதினாலும் அவள் அரிசி களையும்போது வாசித்துக் காட்டுவது வழக்கம். கேட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"இவ யாருல?"

"நீதாம்மா."

"நானா? வெளங்கிரும்! இப்படிப் பேசிக்கிட்டு நின்னா கொடம் ரொம்புமால? அத்தன பேரும் புடிச்சிட்டுப் போயிருவாளுவ. இவ சற்று வெலகி நின்னுக்கிட்டே இருப்பா."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்கள் மேல் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது இந்தப் பேச்சு. இதைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அச்சில் ஏற வேண்டும் என்று எவன் சொன்னது? திருத்திய தாள்களை அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை பழைய பிரதியையே நீட்டினேன்.

"திருத்தலையா?"

"இல்ல சார். அவ அப்படித்தான் பேசுவா."

"வாசகாளுக்குப் புரியணுமே?"

"மார்க்கெட்ல காய் விக்கிறவ பேசுறது அவங்களுக்குப் புரியுதுல்லா? இதுவும் புரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். இந்தக் கதையோட வேணும்."

கதையை என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலை குனியவில்லை.

வீட்டு வாசலில் காத்திருந்த அப்பா கேட்டார்: "கத முடிஞ்சுதா?"

"வேலதான் முடிஞ்சுது. கத இருக்கு."

திங்கட்கிழமை செம்பூருக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். அந்தக் கதையைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்னொன்றுக்கு அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. அதற்குள் அடுத்த கதை தயாராகிவிட்டது. அதில் பேசுகிறவர்கள் தோல் கிடங்கு ஆட்கள். அவர்கள் பேச்சோடு பார்த்தால் என் அம்மா எவ்வளவோ மரியாதைக்காரி.