வெறும் நாட்களின் கஞ்சி

பாண்டிருப்பு ஊரில் ஓர் ஒழுங்கைச் சந்துக்கு வடிகான் வெட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தியில் வேலை முடிந்து நாங்கள் கை கால் கழுவப் போனால் அபூசாலி ஹாஜியார் மட்டும் பின்னுக்கு நிற்பார். வெட்டின கானுக்கு மேலே, ஒவ்வொரு வீட்டு வாசல் படலைக்கும் நேராக ஒரு பலகை போடுவது எங்கள் வழமை. கனகரெத்தினம் ஐயாவின் படலைக்கு மட்டும் இரண்டு பலகைகளை அருகருகே வைத்து, குறுக்கே சட்டம் அடித்து, ஆடாமல் பண்ணிவிட்டுத்தான் ஹாஜியார் வருவார். ஐயா ஊன்றுகோலில் நடக்கிறவர். காலும் கோலும் ஒரு பலகையில் சேர்ந்து நிற்காது. இதை ஹாஜியார் யாரிடமும் சொன்னதில்லை. மறந்துபோன சுத்தியலை எடுக்கத் திரும்பிப் போன ஒரு நாளில்தான் நான் கண்டேன்.

"என்னகா சியாம் பாத்துக்கிட்டு நிக்காய், ஆணி ஒண்டு எடுத்துத் தா" என்றார். அவ்வளவுதான்.

ஹாஜியார் சாய்ந்தமருதில் மீன்பிடிகாரர் ஒருவரின் மகன். என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருக்கவில்லை. சுனாமி அவருடைய வீட்டையும் மனைவியையும் கொண்டுபோனது. மகள் முஸ்பிறா மிஞ்சினாள். அதன் பிறகுதான் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மண்வெட்டியுமாக, வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் கொந்தராத்துத் தொழில் தொடங்கினார். சீமெந்து போடுவதற்கு முன்னர் கானுக்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது போகிற வேகத்திலேயே கரையால் நடந்து போவார். தண்ணீர் எங்கே தயங்கினதோ அங்கே குந்தி, விரலால் மண்ணைத் தடவிப் பார்ப்பார். அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

வருடத்தில் பதினொரு மாதம் நான் அவரிடம் மேசன். நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவேன். நோன்பு திறக்க வீடுகளிலிருந்து வாளி அனுப்பி வாங்கிப்போவார்கள். முப்பது நாளையும் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும். யாருடைய நாளோ அவருடைய பெயரைப் பள்ளிவாசல் பலகையில் எழுதுவார்கள். அரிசி, தேங்காய், இறைச்சி, விறகு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சாமான்களின் விலை ஏறிய பிறகு வந்த ஒரு நோன்பில், பலகையில் பதினொரு நாட்கள் பெயரில்லாமல் வெறுமனே கிடந்தன. ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த வெறும் நாளெல்லாம் என்ட. பேர் எழுதப்படா. வாய் தொறக்கப்படா."

அந்த வருடம் பள்ளிவாசல் சமையற்கட்டை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் பக்கத்து வளவில், ஊருக்கே அக்கா முறையான நஸீறா ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, காய்ச்சினதைப் பள்ளி மதிலடியில் வைத்துப் பங்கிட்டேன். ராத்தா பின்னறையில் இருந்துகொண்டு, முன் இரண்டு அறைகளையும் ஆளுங்கட்சி அலுவலகத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தா. வளவுக்கு இருந்தது ஒரே படலை. ஆகவே ஹாஜியாரின் டிரக்டர் அரிசி மூடைகளோடு கட்சிக் கொடிகளுக்குக் கீழால்தான் உள்ளே வந்தது. அது யாருடைய அரிசி என்பது ராத்தாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கியிருந்தார்.

பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் கடற்கரை வீதி வடிகான் வேலை ஹாஜியாருக்குக் கிடைத்தது. கேள்விப்பத்திரம் போட்டவர்களில் அவருடைய விலைதான் குறைவு. பாதி வெட்டியிருப்போம், தேர்தல் வந்தது.

எதிர்க்கட்சி வேட்பாளர் முஸ்தாக் நல்ல பிள்ளை. கள்ளம் என்றால் பொறுக்கமாட்டார். நோன்பு முழுவதும் கொழும்பில் இருந்ததால், அவருடைய ஆட்கள் எடுத்துக் கொடுத்த வீடியோவைத்தான் அவர் கண்டார். சந்தைச் சந்தியில் திரை கட்டி அதைக் காட்டினார்.

"நோன்பு மாசத்துல மூடை மூடையா அரிசி போகுது கட்சி ஆபீசுக்கு. பெருநாள் கழிய கொந்தராத்து வருது ஹாஜியாருக்கு. இது என்ன ஸகாத்து தருமமா?"

சனம் கைதட்டிச் சிரித்தது. இலஞ்ச ஆணைக்குழுவுக்கு மனுவும் போனது. விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலையாட்கள் பன்னிரண்டு பேரும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தோம். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் ஹாஜியாரைக் கேட்டார்: "எங்கட ஊட்டையும் ரெண்டு மூடை எறக்கினா வோட்டு ஒண்டு பாக்கலாம்தானே ஹாஜியார்?" அவர் மீனை வாங்கிக்கொண்டு வந்தார். பள்ளிவாசல் நிர்வாகமோ, தேர்தல் கதை பள்ளிக்குள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

"உண்மயச் செல்லிருவமா ஹாஜியார்?" என்று நான் கேட்டேன்.

"என்னத்த?"

"அது கஞ்சி அரிசி எண்டு."

"வேலையில்லாத ஆக்களுக்கு நான் வேற வேல தேடித் தாறன், அது என்ட கடமை. இது அல்லாஹ்வுக்கும் எனக்கும் உள்ள கதை. இஞ்ச மைக்குல செல்லிட்டா அந்த நன்மை இஞ்சயே முடிஞ்சிரும், அங்க அல்லாஹ்ட முன்னால போய் நான் என்னத்தக் காட்டுற?"

சொன்னபடி இறக்காமம் ஊரில் மதில் கட்டும் வேலை ஒன்று பிடித்துத் தந்தார். என் மனம் ஆறவில்லை. ஒரு காலையில் முஸ்தாக்கைத் தேநீர்க் கடையில் கண்டேன். என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார்.

"தம்பி, நான் ஒண்டும் செல்ல வரல்ல. நஸீறா ராத்தாட வளவுக்கு ஒருக்கா வாங்க."

"என்ன காக்கா, ஹாஜியார் அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரிஞ்சா என்னை வேலையால நிப்பாட்டிருவார்."

"வேலையே நிண்டுதானே கிடக்கு."

"ஓம், அத நீங்கதானே நிப்பாட்டின."

அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. எழுந்து வந்தார். பின் வளவில் மூன்று அடுப்பும் கரி பிடித்துக் கிடந்தன. பெரிய சட்டி கவிழ்த்து வைத்தபடி இருந்தது. ராத்தா வெளியே வந்தா.

"வாங்க மனே, உம்மா சுகமா? நோன்பு முப்பதுக்கும் கஞ்சிக்கு வாளி அனுப்புவா. பச்ச வாளி. கம்பி அறுந்து கயிறு கட்டினது. இந்த அடுப்புக் கஞ்சிதான் அவட வாளிக்கும் போன."

முஸ்தாக் கைபேசியை எடுத்து அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டினார். கொடி, டிரக்டர், மூடை. படத்தின் ஓரத்தில் பள்ளி மதிலோடு வரிசையாக வாளிகள். நாலாவது வாளி பச்சை, கைபிடிக்குக் கயிறு. விறகுக் கட்டையில் அப்படியே குந்திவிட்டார்.

"ஆராவது எனக்குச் செல்லியிருக்கலாமே ராத்தா."

"நீங்க ஆரிட்டயாவது கேட்டீங்களா?" என்றா ராத்தா.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு முஸ்தாக் ஹாஜியாரிடம் வந்தார். நானும் கூடப் போனேன். ஹாஜியார் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கே மேடையில செல்லுறன் ஹாஜியார், அந்த அரிசி..."

"வேணாம் மனே. பிழை எண்டு மட்டும் செல்லுங்க. காரணம் வேணாம்."

"காரணம் இல்லாட்டி சனம் என்ன நினைக்கும்?"

"ஒண்டும் நினைக்காது."

எந்தக் கானிலும் தண்ணீர் ஓடும் வாட்டத்தில் பிழை விடாத மனிதர் அந்த இடத்தில் பிழை விட்டார். முஸ்தாக் அதே சந்தியில் நின்று, "நான் சென்னது பிழை, ஹாஜியார்ட்ட மன்னிப்புக் கேக்கன்" என்று மட்டும் சொல்லி இறங்கினார். அடுத்த நாளே சனத்தின் கதை அவர் பக்கம் திரும்பிவிட்டது. "முஸ்தாக்குக்கு எத்தின மூடை எறங்கின?" தலையில் அரிசி மூடையோடு அவருடைய படத்தைச் செய்து பேஸ்புக்கில் போட்டார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே அவரோடு கதைப்பதைக் குறைத்தார்கள். அவருடைய உம்மா ஒரு கலியாண வீட்டில் ஆட்களின் பேச்சுத் தாங்காமல் பாதியில் எழும்பிப் போனாவாம். இதையெல்லாம் நான் போய் ஹாஜியாரிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள இன்னும் காரணம் செல்லலயா?"

"நீங்க வேணாமெண்டு சென்னீங்கதானே."

"ஓம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நிர்வாகத்திடம் கேட்டு மைக்கைக் கையில் எடுத்தார். வாழ்நாளில் ஒருபோதும் மைக் பிடிக்காத மனிதர்.

"அந்த அரிசி நான் குடுத்த. கட்சிக்கு இல்ல. நோன்புக் கஞ்சிக்கு. பலகையில பதினொரு நாள் வெறுமனே கிடந்த, அதுக்கு. முஸ்தாக் தம்பி டிரக்டரக் கண்டார், அடுப்பக் காணல்ல. அது மனிசனுக்கு வாற பிழை. மறுகா காரணத்தச் செல்ல வந்தவர்ர வாயக் கட்டினது நான். அவர் என்னிட்ட ஒண்டும் வாங்கல்ல. அல்லாஹ் சாட்சி."

மூன்றாவது வரிசையில் முஸ்தாக் தலை குனிந்தபடி இருந்தார். ஆட்கள் எழும்பி ஹாஜியாருக்குக் கை கொடுக்க வந்தார்கள். கஞ்சி குடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள் என்றே சொல்லலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை. செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வேகமாக வெளியேறிவிட்டார். வீதியில் அவரை எட்டிப் பிடித்தபோது கண் சிவந்திருந்தது.

சில வாரங்களில் விசாரணை முடிந்து தடை நீங்கியது. மாரி தொடங்குமுன் கடற்கரை வீதிக் கானை முடித்தோம். அன்றும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். ஆனால் தண்ணீரின் வேகத்துக்கு அவரால் நடக்க முடியவில்லை. இடையில் நின்று நெஞ்சைத் தடவினார். நான்தான் மீதித் தூரம் நடந்தேன்.

தை மாதத்தில் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போகப் புறப்பட்டார். மகள் முஸ்பிறா வான் வண்டிக்குள் இருந்தாள். முஸ்தாக் வந்து அவருடைய பையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். நான் தலையணையை முதுகுக்கு அணைத்துக் கொடுத்தேன். அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது.

"கஞ்சி குடிச்ச சனமெல்லாம் ஒங்களுக்காக அல்லாஹ்ட்ட துஆக் கேக்குது ஹாஜியார்" என்றேன்.

அவர் சிரித்தார்.

"அந்தப் பதினொரு நாள் நன்மையும் மைக்கோட போயிட்டுகா சியாம். முஸ்தாக்குக்காகத்தானே போன, கவல இல்ல. வந்து முதல்ல இருந்து தொடங்கவேணும். நீ பெரிய சட்டிய அலசி வை."