வெற்றிலை எடுக்காத டைரக்டர்

வேலாயுதத்தை டைரக்டர் ஆக்கினதே அவர் வாய் திறக்கமாட்டார் என்றுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸ்காரர்கள் கூடி நடத்திய கூட்டுறவுக் கடைக்குச் சம்பளமில்லாத டைரக்டர்கள் சிலர் உண்டு. தலைவர் சபாபதி ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமை. ஆள்குறைப்புக் காலம் வேறு. யாருக்குச் சீட்டுக் கிழியும் என்பது அவர் பேனாவில் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வேலாயுதம் வாயில்லாப் பூச்சிதானே, வந்து உட்காரட்டும் என்று அவரே முன்மொழிந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு வழக்கம். விஷயத்தைப் படித்ததும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தால் சம்மதம், அவ்வளவுதான். நம்மாள் வேலை முடிந்து நேரே வந்தவர், வாய் நமநம என்றது. தலைவர் படிக்கத் தொடங்கும் முன்னாலேயே ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பைத் தடவிவிட்டார். வேலாயுதமே சரியென்றுவிட்டார் என்று சிரித்தார் சபாபதி. மற்றவர்களும் எடுத்தார்கள். கடை அரிசி முழுக்க இனிமேல் கிள்ளானில் சபாபதியின் மருமகன் கிடங்கிலிருந்து வரும் என்பது தீர்மானம். வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி மறுப்பார்?

அரிசி வந்தது, புழுவும் கூடவே வந்தது. சபாபதி வீட்டுக்கு மட்டும் வெளிக்கடை அரிசி. வேலாயுதத்தின் மனைவி தங்கமணி முறத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

"நீங்க கைய நீட்டி வெத்தல எடுத்தீங்க. இந்த லைன் பூரா பொம்பளைங்க உக்காந்து புழு பொறுக்குறோம்."

அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாளே கடைக்குள் புகுந்து மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதும் பையன்களை அதட்டுவதுமாக ஆர்ப்பாட்டம் பண்ணினார். மேனேஜர் மாணிக்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடை நடத்த நான் இருக்கிறேன், அனுப்புகிற அரிசியைத்தான் நான் விற்க முடியும், கேட்க வேண்டியதை டைரக்டர்கள் கூடுகிற மேஜையில் கேளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சுருக்கென்றது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே!

கேள்வி கேட்பது என்ன லேசுப்பட்ட வேலையா? முதல் தடவை நீளமாகப் பேசினார், கொட்டாவி விட்டார்கள். அடுத்த தடவை கத்தினார், சிரித்தார்கள். அப்புறம்தான் புத்தி வந்தது. கடைச் சட்டதிட்டத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். கூட்டத்துக்கு முன்பே காகிதங்களைக் கேட்டு வாங்கினார். ஒரே கேள்வி, அதுவும் சின்னதாக. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வருஷம் திரும்பியது. அதே கிடங்குக்கு இன்னொரு வருஷம் என்று படித்தார் சபாபதி. தட்டு வந்தது. வேலாயுதம் கையைக் கட்டிக்கொண்டார்.

"கிடங்கு உங்க மருமகனோடது. இத நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வெளியில இருக்கணும் ஐயா. சட்டத்துல இருக்கு."

சபாபதியின் முகம் கறுத்தது. "ஆள்குறைப்பு லிஸ்ட் நாளைக்குப் போகுது. தெரியும்ல?"

"தெரியும் ஐயா. நீங்க இப்பச் சொன்னதையும் சேர்த்துக் கூட்டக் குறிப்புல எழுதச் சொல்லுங்க."

காரியதரிசியின் பேனா அந்தரத்தில் நின்றது. வேலாயுதம் பார்வையை இறக்கவில்லை. பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கார்த்திகேசு தட்டைத் தள்ளிவைத்தார். "நானும் எடுக்கேல்ல," என்றார். அதற்கப்புறம் ஒரு கையும் தட்டுக்குப் போகவில்லை. சபாபதி துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். வேறு வியாபாரிகளிடம் மாதிரி அரிசி வாங்கிப் பார்த்துத்தான் முடிவு என்று தீர்மானம் ஆனது.

லிஸ்டில் வேலாயுதம் பெயர் வந்தது. வராமல் இருக்குமா? கடைக்குப் புழுவில்லாத அரிசி வந்து ஒரு மாதம் ஆனபோது வேலை போனது, கூடவே குவாட்டர்ஸும் டைரக்டர் நாற்காலியும் போயின.

மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது சபாபதி அந்தப் பக்கம் வந்தார். இவ்வளவு பண்ணி என்னத்தைச் சாதித்தாய் என்று கேட்டார். வேலாயுதம் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார். பதில் சொன்னவள் தங்கமணி.

"போன மாசந்தானே ஐயா, நீங்களே நம்ம கடையில அரிசி வாங்க ஆரம்பிச்சீங்க?"