மூன்றாம் தண்ணீர்

பதினாறு நாள் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வெடிக்கும். நடுவில் வெறும் பலகைச் சுவர். சத்தமும் வாசமும் அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடும். நான் வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு அந்த வாசத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. அம்மா கஞ்சியும் இளநீரும்தான் கொடுத்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் மரம் வெட்டினார்கள்; மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்திருந்தது. டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகள் ராவாங் டவுனில் குடியிருந்தார். கைக்குழந்தை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மண்டோர் அப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை.

"அங்க டிவி இருக்கு. நல்ல சோறு. மாசத்துக்கு ஒரு தடவ கூட்டியாந்து காட்டுவாங்க. ஒனக்கென்ன கொறச்சல்?" என்றார் அப்பா.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின சட்டியையே திரும்பவும் கழுவினாள்.

காடி வந்து என்னைக் கூட்டிப்போக ஆறு நாள் இருந்தது. அப்போது காய்ச்சல் அடித்தது. மறுநாள் கழுத்தில் இரண்டு முத்து. அதற்கு மறுநாள் உடம்பெல்லாம். குழந்தை இருக்கிற வீடு என்பதால் அவர்கள் பயந்துவிட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிறகு அனுப்பினால் போதும் என்று சொல்லி விட்டார்கள். அம்மை இறங்க இறங்க, நாள் பார்த்து மூன்று முறை தலைக்கு ஊற்றுவது எங்கள் வழக்கம். மூன்றாவது தண்ணீரோடு ஆத்தா வீட்டை விட்டுப் போய்விடுவாள். அப்புறம்தான் வெளியே போகலாம், வரலாம்.

ஆக, மூன்றாம் தண்ணீர் வரைக்கும் அறைக்குள் அடைப்பு. அதற்குப் பிறகு ராவாங்கில் அடைப்பு. நான் அப்படித்தான் நினைத்தேன். உடம்பு முழுக்க அரித்தது. சொறியக் கூடாது. ஜன்னலை மூடி, அதன் மேல் அம்மா சேலையைப் போட்டிருந்தாள். பகலும் இருட்டாகவே இருந்தது.

ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் பதினாறு நாளைப் போல எனக்கு வேறு நாட்கள் அமையவில்லை.

அம்மா வேலைக்குப் போகவில்லை. அதற்கு முன் அவளைப் பகலில் பார்த்ததே குறைவு. விடியுமுன் ரப்பர் காட்டுக்குப் போய்விடுவாள். வந்ததும் அடுப்பு, துணி, தண்ணீர். இப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேப்பங்கொழுந்தால் முதுகை நீவிக்கொண்டிருப்பாள். கை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அப்பாவும் கள்ளுக்கடைக்குப் போகவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டுக்குக் குடித்துவிட்டு வர அவருக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் வாசலை ஒட்டின அஞ்சடி நடையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவார். போட்டதற்கே மறுபடி போடுவார். ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று, "என்னா புள்ள, அரிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொன்று சுவர். ரோட்டுப் பக்கத்துப் பலகையில் ஒரு கணு விழுந்து ஓட்டையாகியிருந்தது. சுண்டு விரல் நுழையும். காலையில் எதிர் வரிசை லயத்து வீடுகள் மேல் வெயில் விழும்போது, அந்த ஓட்டை வழியாக எங்கள் அறையின் சுண்ணாம்பு அடித்த சுவரில் ரோடு தெரிந்தது. தலைகீழாக. மண் ரோடு மேலே, வானம் கீழே. முதல் நாள் காய்ச்சலில் கண் கெட்டுவிட்டது என்று பயந்தேன். பிறகு ரொட்டிக்காரர் மோட்டாரில் வந்தார். ஹாரன் வெளியே கேட்டது. சுவரில் சக்கரம் மேலே, ரொட்டிப் பெட்டி கீழே, அவர் தலை அதற்கும் கீழே. எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டில் இருந்த முத்து வலித்தது. அப்படியும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் சுவரைத்தான் பார்ப்பேன். மண்டோரின் தொப்பி, பால் வாளி தூக்கிப் போகும் பெண்கள், கோழி, நாய் எல்லாம் மங்கலாக, ஆனால் நிறத்தோடு போகும். முகம் தெரியாது. நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பேன். அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆத்தா ஒனக்குப் படம் காட்டுறா" என்றாள். நானும் நம்பினேன். ஏன் அப்படித் தெரிகிறது என்று பல வருடம் கழித்து என் மகன்தான் பள்ளிப் புத்தகத்தில் காட்டினான்.

பதினோராம் நாள் இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். பொருக்கு உதிர ஆரம்பித்தது. உடம்பு தேறத் தேற எனக்குப் பயம் கூடியது. எல்லோரும் ஆத்தாளைச் சீக்கிரம் இறங்கச் சொல்லி வேண்டுவார்கள். நான் போகாதே என்று வேண்டினேன்.

பதின்மூன்றாம் நாள் மூன்றாம் தண்ணீர் என்று முடிவாயிற்று. அன்று காலை மண்டோர் வந்து விவரம் கேட்டுப் போவார் என்றும் பேச்சு. அதற்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா காட்டிலிருந்து வந்து வாளியைக் குசினியில் வைத்தார். வாளியின் அடியில் எப்போதும் கொஞ்சம் ரப்பர் பால் மிஞ்சியிருக்கும். அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து விரலை விட்டு எடுத்தேன். கழுத்திலும் கையிலும் பொட்டுப் பொட்டாக வைத்தேன். காய்ந்ததும் பார்க்கப் புது முத்து மாதிரியே இருந்தது.

மறுநாள் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துவிட்டு வந்து என் சட்டையைக் கழற்றினாள். கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். விரலால் தொட்டாள். ஒன்று சுருண்டு அவள் விரலோடு வந்தது. மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். இருபது வருடம் பால் வாளி தூக்கினவள். அவளிடம் போய் நான் அதைச் செய்திருக்கிறேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் வாசலில் மண்டோர் குரல் கேட்டது. அம்மை வீட்டுக்குள் வர மாட்டார். ரோட்டிலேயே நின்று, "என்னா தங்கச்சி, ஆத்தா எறங்கிட்டாளா? நாளைக்குக் காடி வருதுலா" என்றார்.

அம்மா வெளியே போனாள்.

"இன்னும் எறங்கலண்ணே. மறுபடியும் போட்டிருக்கு."

"மறுபடியுமா? அவங்க இனிமே காக்க மாட்டாங்க தங்கச்சி. அப்ப வேற புள்ளைதான் பாக்கணும்."

"பாத்துக்குங்கண்ணே."

ஆத்தாளின் பேரில் பொய் சொல்ல எங்கள் லயத்தில் யாருக்கும் துணிவு வராது. அம்மா சொன்னாள். உள்ளே வந்தாள். தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு பொட்டாக உரித்து எடுத்து, சுருட்டி அடுப்பில் போட்டாள். "இத யாருகிட்டயும் சொல்லாத. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

வேறு பிள்ளையாகச் சரோஜாவைப் பிடித்தார்கள். எதிர் லயம். என் வயது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு அப்பா இல்லை. அவள் அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். அன்று சாயங்காலம் பலகை வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சில்தான் எனக்கு அது தெரிந்தது. அம்மாவும் கேட்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காடி வந்தது. வெள்ளைக் காடி. சுவரில் சக்கரம் மேலாக வந்து நின்றது. நீலப் பாவாடை கட்டின ஓர் உருவம், கையில் ஒரு பை. நடையிலேயே தெரிந்துவிட்டது. காடியில் ஏறாமல் எங்கள் வீட்டைப் பார்த்து வந்தாள். அவள் அம்மா பின்னாலிருந்து, "ஏய், அம்மை வீட்டுல சொல்லிக்கிட்டுப் போவக் கூடாதுடி" என்று சத்தம் போட்டாள். எங்களில் அதுவும் ஒரு வழக்கம். அம்மை வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் அம்மையும் திரும்பி வரும் என்பார்கள். சரோஜா அப்படியே நின்றாள். சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கினாள். சுவரில் அது கீழே இறங்கியது. நான் உள்ளே படுத்திருந்தேன். குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் வீட்டில் கடுகு வெடித்தது. அப்பா கள்ளுக்கடைக்குப் போனார். அம்மா காட்டுக்குப் போனாள். அடுத்த மாதமே நானும் அவளோடு போனேன். தோட்டத்தை விட்டு வெளியேற எனக்குப் பத்து வருடம் ஆனது.

அந்த வருடத் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலிருந்து அம்மா தீச்சட்டி எடுத்தாள். மகளுக்கு அம்மை இறங்கினதற்கு வேண்டுதல் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஒரு வருடம் எடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். சாகும் வரை எடுத்தாள்.

சரோஜா தீபாவளிக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டு, நிறமாக இருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் வச்சிருக்காங்க. வாசலுக்கு மட்டும் விட மாட்டாங்க" என்றாள்.

ஐந்து வருடம் அங்கே இருந்தாள். இப்போது ஈஜோக்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் ராவாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறேன். தோட்டம் இல்லை. லயத்தை இடித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் வெட்டிவிட்டு வீடு கட்டினார்கள். கோயில் மட்டும் சின்னதாக ஓர் ஓரத்தில் இருக்கிறது. அம்மா, அப்பா, மண்டோர், சரோஜாவின் அம்மா யாரும் இல்லை. அந்தப் பதின்மூன்றாம் நாள் காலையில் என் கழுத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சரோஜா வாரம் ஒரு முறை போன் பண்ணுவாள். முட்டி வலி, பேரப்பிள்ளை, மழை என்று பேசுவோம். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அவள், "சரிடி, வச்சிரட்டா?" என்பாள். நானும் சரி என்பேன்.

என்னைவிட அவள் நன்றாகத் தமிழ் வாசிப்பாள். நான் எழுதின இதையும் வாசிப்பாள்.