மஞ்சள் எழுத்தைப் படித்தவள்

சேர்ந்து ஆறு மாதம் ஓடியும் என்னை அலுவலகத்தில் நிரந்தரம் ஆக்கவில்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உங்கள் புரோகிராமை ஓடவைத்துவிட்டு வாருங்கள், ஆக்கிவிடலாம் என்றார் மேலாளர்.

சின்னப் புரோகிராம்தான். ஆனால் யாரோ எழுதிவைத்த 'பேக்கேஜ்'களை நம்பித்தான் அது நடக்கும். ஓர் அத்தைக்குப் பத்திரிகை வைத்தால் அவர் சம்பந்தி வீட்டையும் கூட்டிவருவார் இல்லையா, அதுபோல ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டியதை இழுத்துவரும். தொழிற்சாலைக் கணினிக்கு இணையம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தேன்.

அங்கே எதுவும் ஓடவில்லை. என் லேப்டாப் ஒரு ரகம், அவர்களுடைய கணினி வேறு ரகம். இதற்கென்று இறக்கியது அதில் வேலை செய்யாது. இதுகூடத் தெரியாமலா ஆறு மாதம் குப்பை கொட்டினாய் என்று கேட்காதீர்கள். தெரியும், மறந்துவிட்டேன்.

"மதியம் லைன் ஓடணும் சார். ஓடலைன்னா மேல நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர்.

சேலையூரில் என் மனைவி அரையாண்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். அவளுடைய லேப்டாப் தொழிற்சாலைக் கணினியின் ரகம். புரோகிராமை அவளுக்கு அனுப்பி, எதைத் தட்ட வேண்டும் என்று போனில் சொன்னேன். தட்டினாள். பேக்கேஜ்கள் இறங்கின. மஞ்சள் நிறத்தில் ஏதேதோ எச்சரிக்கை வருகிறது என்றாள். அது எப்போதும் வரும், யாரும் படிக்க மாட்டோம் என்றேன்.

"படிக்க வேணாம்னா எதுக்குங்க எழுதறான்?"

உள்ளே நெட் எடுக்காது. அவள் அனுப்பியதைத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்று பென் டிரைவில் இறக்கி, செக்யூரிட்டியிடம் மறுபடி சோதனை கொடுத்து உள்ளே போனேன். திரை வெள்ளையாக வந்தது. வெள்ளையாகவே இருந்தது.

போன் செய்தேன். பேக்கேஜ்கள் பழசு, ஓட்டை என்று அந்த மஞ்சள் எழுத்து திட்டிவிட்டு, சரிசெய்ய இதைத் தட்டு என்று கீழேயே ஒரு வரி இருந்ததாம், தட்டினாளாம். எல்லாப் பேக்கேஜ்களும் புதுசாகிவிட்டன. என் புரோகிராமுக்கு ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தலைக்கேறியது. என் வேலைக்கு உலை வைத்துவிட்டாய் என்று சூப்பர்வைசர் காதுபடவே கத்தினேன்.



"கத்தி முடிச்சாச்சா? மாத்தறதுக்கு முன்னாடி இருந்ததை அப்படியே தனியா எடுத்து வெச்சிருக்கேன். பேப்பர்ல மார்க் மாத்தினாக்கூட நான் பழசை அழிக்க மாட்டேன், ஒரு கோடு போட்டு பக்கத்துலதான் எழுதுவேன். அனுப்பறேன், இருங்க."

மறுபடியும் கேட், மறுபடியும் செக்யூரிட்டி. இந்த முறை ஓடியது. லைனும் ஓடியது. எப்படி என்று கேட்ட சூப்பர்வைசரிடம், பழையதைத் தனியாக எடுத்துவைத்திருந்தோம் என்றேன்.

மாலையில் மேலாளர் அழைத்தார். பழையதைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதைத் தொடுகிறீர்களாமே, சூப்பர்வைசர் சொன்னார், இந்த ஒழுங்கு இங்கே யாருக்கும் இல்லை என்று பாராட்டி, நிரந்தரம் என்றார். நன்றி சார் என்றேன். அது என் மனைவி செய்தது என்று சொல்லவில்லை.

தாம்பரத்தில் இறங்கி அல்வா வாங்கினேன். கத்தியது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் அவள் தாள்களுக்கு நடுவே தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்து, வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.