செஷண்ட் குளத்தில் மெலிந்துபோன பெர்ச் மீன்கள்

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை நான் லண்டனுக்கு வடக்கே இருக்கும் செஷண்டுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் தூண்டில் சங்கத்தின் செயலாளர் சிவநேசன் அண்ணா முதல் நாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் கையில் ஒரு பெர்ச் மீன். தலை மட்டும் பெரிதாக, வயிறு ஒட்டிப்போயிருந்தது. "எல்லாரும் நோய் எண்டு சொல்லினம். நீர் ஒருக்கா வந்து பாரும்" என்று எழுதியிருந்தார்.

நோய் என்றால் குளத்தை மூட வேண்டும். எனக்கு வேறொரு பயமும் இருந்தது. தூண்டில் சிக்குகிறது என்று எல்லோரும் குறைபட்டுக்கொண்டபோது, செஷண்டில் எங்கள் சங்கத்துக்கு உள்ள இரண்டு குளங்களில் பெரிய குளத்தில் மூழ்கிக் கிடந்த மரங்களையும் நீர்ச்செடிகளையும் எடுத்துவிடலாம் என்று பிப்ரவரிக் கூட்டத்தில் சொன்னவள் நான். தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள் என்பதால் யாரும் மறுக்கவில்லை; எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

இல்ஃபோர்டில் காலை 6.50-க்கு எலிசபெத் லைன் ரயில், ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறி, 7.45-க்கு செஷண்ட். அங்கிருந்து கால்வாய்க் கரையில் இரண்டு கிலோமீட்டர் நடை. அழகான பாதைதான், அன்று எதுவும் மனதில் பதியவில்லை.

பெர்ச், வட அமெரிக்காவின் வால்ஐ (walleye) மீனுக்கு உறவு. இரண்டுமே சின்ன மீன்களைத் தின்று வளர்பவை. நீளத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்த்தால் சாப்பாடு கிடைக்கிறதா என்பது தெரிந்துவிடும். பெரிய குளத்தில் சிவநேசன் அண்ணாவும் நானும் பிடித்த முதல் மீன் முப்பது சென்டிமீட்டர், 290 கிராம். செவுள், செதில், கண் எல்லாம் சுத்தமாக இருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம், நாங்கள் கை வைக்காத சின்னக் குளத்தில் அதே நீள மீன் 410 கிராம். தராசை இரண்டு முறை சரிபார்த்தேன்.

கைவலையை விட்டுப் பார்த்தோம். சின்னக் குளத்தின் செடிகளுக்குள் பெர்ச்சுக்கு இரையாகும் ரோச் என்ற மீனின் குஞ்சுகள் கொத்தாக வந்தன. பெரிய குளத்தில் வலை வெறுமையாகவே வந்தது. ஒளிய இடமில்லாமல் குஞ்சுகளை நீர்க்காகங்கள் தின்றிருக்க வேண்டும்.

"நோய் இல்லண்ணா, பட்டினி," என்றேன். "மரத்தை எடுக்கச் சொன்னது நான்தான். தப்பு பண்ணிட்டேன்."

அவர் மீனை மெல்ல நீரில் விட்டார். "கை தூக்கினது நாங்கள் எல்லாரும்தானே. திருத்த ஏலுமோ?"

"கிளைகளைத் திரும்ப இறக்கலாம். செடி வர ரெண்டு கோடையாவது ஆகும்."

"அதுவரைக்கும் மீன் தாங்குமோ?"

"தெரியலண்ணா."

நீங்கள் போவதானால் தூண்டில் உரிமத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், பூட்ஸ் போடுங்கள், கையை நனைத்துவிட்டே மீனைத் தொடுங்கள். ஒல்லியான மீனைக் கண்டால் நோய் என்று முடிவுகட்டுமுன் அது வாழும் இடத்தைப் பாருங்கள். ஒரு குளத்தைச் சுத்தம் செய்யும் முன் நிறைய யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதினொரு பேர் சேர்ந்து கிளைக்கட்டுகளை நீருக்குள் இறக்கினோம். மற்றவர்கள் போன பிறகும் நாலு மணிவரை கரையில் உட்கார்ந்திருந்தேன். கிளைகளைச் சுற்றி ஒரு குஞ்சுகூட வரவில்லை.