பதில் இல்லாத வணக்கம்

ஈரத் துணியில் ஒற்றிய விரல்நுனி, படச்சுருளின் முனையை ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் நனைத்தது. சவரத் தகடு சாய்ந்து ஒரே பக்கமாக இழுக்க, கறுப்புப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அழுத்தினால் சுருள் கிழியும். அஞ்சினால் பூச்சு மிஞ்சி, ஒட்டு திரையில் விட்டுப்போகும். பிறகு தூரிகையால் ஒரு தீற்றுப் பசை. அறையெங்கும் அந்தப் பசையின் பேரிக்காய் மிட்டாய் வாசனை. மறுமுனையை மேலே வைத்து இரண்டு கட்டைவிரல்களும் அழுத்தின. எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரம் கிடையாது. ஒரு பாட்டின் முதல் அடியை முணுமுணுத்து முடிக்கும் வரை.

பாட்டு ஒட்டிலி க்ராம்ப்புடையது. ஊமைப்படங்கள் எடுத்த பெர்லின் ஸ்டூடியோவின் வெட்டும் அறையில் ஜன்னலோர மேசை அவளுக்கு, அடுத்தது எனக்கு. போர் முடிந்தபோது அவள் ஒரு தொப்பிக் கடையில் துணிப்பூ தைத்துக்கொண்டிருந்தாள். கடை மூடியதும் சுருள் கழுவ இங்கே வந்தாள். வெட்டவும் ஒட்டவும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மதிய இடைவேளையில் கூடையில் கிடந்த கழிவுத் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பார்ப்பாள். ஒரு பிரபு கதவைத் திறக்கும் துண்டோடு, வேறு படத்திலிருந்து ஒரு மாடு திரும்பிப் பார்க்கும் துண்டை ஒட்டினால், பிரபு வந்தது மாட்டுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது. அதைக் கண்டுபிடித்த அன்று அவள் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளரே எட்டிப் பார்த்தார்.

அந்த வசந்தத்தில் ஆர்னிம் வைட்லிங் என்ற இளம் இயக்குநரின் முதல் படம் எங்கள் அறைக்கு வந்தது. வடகடலோரத்து மீனவ ஊரிலிருந்து வந்தவர் அவர். பெர்லினில் அவருடைய முதல் குளிர்காலம் முழுக்க ஒருவரும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதையே படமாக்கியிருந்தார்: பெருங்கூட்டத்தில் தொலைந்துபோகும் ஒரு குமாஸ்தா. அதற்காக ஸ்டூடியோவில் ஒரு சதுக்கமே கட்டினார்கள். வீடுகள் விழப்போவதுபோலச் சாய்ந்து நின்றன. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சாம்பல் கோட்டு, ஒரே கறுப்புத் தொப்பி. "யாரும் யாரையும் பாக்கக் கூடாது. நீங்க மனுஷங்க இல்ல, ஓடுற தண்ணி" என்று வைட்லிங் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். கூட்டத்தில் நடிப்பவர்கள் வேலைக்காகக் காத்திருப்பது ஒரே காப்பிக் கடையில். ஒரு படத்தில் ரோமாபுரியில் சேர்ந்து சிங்கத்துக்கு இரையானவர்கள், இன்னொன்றில் பாரிஸில் சேர்ந்து கோட்டையை இடித்தவர்கள். அவர்களை அந்நியர்களாக நடக்கச் சொன்னால் எப்படி? அன்று புதிதாக ஒருவரும் சேர்ந்திருந்தார்: ஒட்டிலியின் அப்பா எவால்ட், ஓய்வுபெற்ற டிராம் நடத்துனர். பக்கத்து வீட்டுப் போல்க்கே பல வருடமாகக் கூட்டத்தில் நடிப்பவர், அவர்தான் கூட்டிப்போனார். காமிரா சுற்றத் தொடங்கியது. விளக்குக் கம்பத்தருகே எவால்ட் திரும்பினார், எதிரே போல்க்கே. கை தானாகத் தொப்பிக்குப் போனது. எங்கள் பேட்டையில் தூக்கிய தொப்பிக்குப் பதில் தூக்காதவனோடு மறுநாள் நாவிதர்கூடப் பேசமாட்டார். போல்க்கே தூக்கினார். பின்னால் வந்தவர் தனக்கென்று நினைத்து அவரும் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்நியர் நகரம் கல்யாண வீடாகிவிட்டது.

சுருளைக் கழுவிப் பார்ப்பதற்குள் சதுக்கத்தை இடித்து அங்கே எகிப்து அரண்மனை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை.

"தொப்பி தூக்குற எல்லாரையும் வெட்டிடுங்க. முதல்ல அந்தக் கிழவர" என்றார் வைட்லிங். அது யாருடைய அப்பா என்று அவருக்குத் தெரியாது.

அவர் போனதும் ஒட்டிலி என் பக்கம் திரும்பினாள். "லோரே, எங்கப்பா எங்க முற்றத்துக் குடித்தனம் எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்காருடி. வாசல் காவக்காரன் பொண்டாட்டி படம் பாக்கப் புது ரவிக்கை தச்சுட்டா. இப்ப நானே அவர வெட்டணுமாம்."

இரண்டு நாள் அவள் அவரை வெட்டவில்லை. துண்டுகளை முளையில் தொங்கவிட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தபடி தொப்பியைத் தூக்கும் அப்பா. வணக்கம் பரவுவதற்கு முன் நடந்துபோன முதுகுகள். கடைசியில், தொப்பியை மெல்ல இறக்கும் அப்பாவின் வாடிய முகம். மூன்றையும் அந்த வரிசையில் பிடித்துப் பார்த்தாள். பாட்டை முணுமுணுப்பது நின்றுபோனது.

அன்று மாலை உப்பு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தனியாகச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

"அப்பா, படத்துல நீங்க இருக்கலாம். ஆனா..."

"என்ன ஆனா? மூக்கு கோணலா வந்துடுச்சா?"

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க தொப்பியத் தூக்குவீங்க. பதிலுக்கு யாரும் தூக்க மாட்டாங்க."

"பொய்! போல்க்கே தூக்கினான். அந்தச் சதுக்கமே தூக்கிச்சு!"

"திரையில தூக்க மாட்டாங்க."

எவால்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "டிராம்ல என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாம ஒருத்தன் இறங்கினதில்ல. டிக்கெட் வாங்காம குதிச்சு ஓடினவன்கூட தொப்பியத் தொட்டுட்டுத்தான் ஓடினான். இந்த எவால்ட் க்ராம்ப் என்ன தப்புப் பண்ணினான்னு ஊர் கேக்காதா?"

"வேண்டாம்னா வெட்டிடறேன். படத்துலயே இருக்க மாட்டீங்க."

அவர் ஒரு உருளைக்கிழங்கை வெகுநேரம் தோலுரித்தார்.

"மூஞ்சி எவ்வளவு பெருசா தெரியும்?"

"இந்தக் கதவு அளவுக்கு."

"போல்க்கே?"

"கூடையில."

"முழுசாவா?"

"தொப்பியோட."

எவால்டுக்குச் சிரித்த சிரிப்பில் மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. "சரி, ஒட்டிக்கோ! ஆனா படம் முடிஞ்சதும் தெருவுல நின்னு சொல்லுவேன், பதில் வணக்கம் சொல்லாத மரியாதை கெட்டவன் போல்க்கேதான்னு."

மறுநாள் ஒட்டிலி அந்தக் காட்சியை வைட்லிங்குக்குத் திரையில் ஓட்டிக் காட்டினாள். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். அது முடிந்ததும், "இவர வெட்டச் சொன்னேனே?"

"தொப்பி தூக்குறவங்கள எல்லாம் வெட்டிட்டேன். இவர் ஒருத்தர்தான் மிச்சம்."

"இங்க வந்த முதல் குளிர்காலத்துல, ரொட்டிக் கடை வாசல்ல தொப்பியத் தூக்கிட்டு நான் இப்படித்தான் நின்னேன். இவர் இருக்கட்டும். ஆனா அந்த முகம் எப்படி அப்படி வாடிச்சு? நான் சொல்லித் தரலையே."

"உங்க உதவியாளர் தகரக் குழல்ல 'தொப்பிய இறக்குடா கிழட்டுக் கழுதை'ன்னு கத்தினார்."

வைட்லிங் சிரித்தார். "உலகத்துல இவருக்குன்னு யாருமே இல்லாத மாதிரி தெரியுது. யார் இவர்?"

"எங்கப்பா. அவர் தும்மினா முற்றத்து ஜன்னல் எல்லாத்துலேர்ந்தும் 'நல்லா இருங்க'ன்னு சத்தம் வரும்."

அவர் காது வரை சிவந்தார். கிழவர் என்று சொன்னது நினைவுக்கு வந்திருக்கும். பிறகு தயங்கி, "முதுகுங்க சீக்கிரம் போயிடுது. காத்திருக்கறவனுக்கு அது நீளமா இருக்கும்" என்றார்.

"இதுக்கு மேல நீண்டா ஜனங்க கொட்டாவி விடுவாங்க" என்றாள் ஒட்டிலி. ஆனாலும் மேசைக்கு வந்து, துண்டை வெளிச்சத்தில் பிடித்து, அப்பாவின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தாள். வைட்லிங் சொன்னது சரி. இன்னொரு முதுகு வேண்டும். கூடைக்குள் கைவிட்டுத் தேடினாள். நல்ல அகலமான, அசைந்து போகும் முதுகு ஒன்று கிடைத்தது. என்னிடம் நீட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது போல்க்கேயின் முதுகு, எவால்டைப் பார்ப்பதற்கு முன்பு எடுத்தது.

"உங்கப்பாகிட்ட என்னடி சொல்லுவ?"

"முதுகுதானேன்னு சொல்லுவேன்."

நனைத்தாள், சுரண்டினாள், ஒரு தீற்றுப் பசை. பாட்டின் முதல் அடி முழுசாக முடிந்தது. சுருளைச் சுற்றித் தகர டப்பாவில் வைத்து மூடி, வைட்லிங்கிடம் கொடுத்தாள்.

"படுக்கவச்சே கொண்டுபோங்க. போல்க்கே இன்னும் காயல."

விடைபெறத் தொப்பியைத் தூக்க ஒரு கையும் மிச்சமில்லாமல், வைட்லிங் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.